கணக்கு தொடங்கியாச்சு, பதில் சொல்ல ஆள் இருக்கா?

மும்பையிலிருந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிறவர், பெட்டியில் தண்ணீர் வரவில்லை என்று எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் ஒரு வரி எழுதுகிறார். கொஞ்ச நேரத்தில் 'ரயில்வே சேவா' கணக்கிலிருந்து பதில் வருகிறது: பி.என்.ஆர். எண்ணையும் கைபேசி எண்ணையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அனுப்பினால் சோலாப்பூரிலோ குண்டக்கல்லிலோ யாராவது வந்து எட்டிப் பார்க்க வாய்ப்பு உண்டு. அதே மனிதர் ஊரிலிருந்து திரும்பி வந்து, தெருவில் சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது என்று படத்தோடு எழுதினால் பல நேரம் நடப்பது வேறு. "சரியான இடத்தைக் குறிப்பிடவும்" என்று ஒரு பதில். குறிப்பிட்டால் வார்டு கணக்குக்குக் கைமாற்றி இன்னொரு பதில். அதோடு சத்தமே இருக்காது.

இரண்டும் அரசு அமைப்புகள்தான். தளமும் ஒன்றுதான். ஆனால் ரயில் பயணியின் கையில் பத்து இலக்க எண் ஒன்று இருக்கிறது. அதைத் தட்டினால் எந்த வண்டி, எந்தப் பெட்டி, இந்த நேரத்தில் வண்டி எந்தக் கோட்டத்தில் ஓடுகிறது, அங்கே யார் பொறுப்பு என்று எல்லாம் வந்துவிடும். 2014 நவம்பரில் சுரேஷ் பிரபு ரயில்வே அமைச்சரானபின் ட்விட்டர் புகார்களுக்குக் கிடைத்த பெயர் அமைச்சரின் சுறுசுறுப்பால் மட்டும் வந்ததல்ல. புகாரைப் பிரித்து உரிய ஆளிடம் சேர்க்கும் ஏற்பாடு ரயில்வேயில் ஏற்கெனவே இருந்தது, ட்விட்டர் அதற்கு ஒரு புது வாசலானது. சாக்கடை மூடிக்கு பி.என்.ஆர். கிடையாது.

சமூக ஊடகத்தில் இறங்க நினைக்கும் எந்த நிறுவனமும், அரசோ தனியாரோ, முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். எந்தத் தளம், எத்தனை பதிவு, என்ன லோகோ என்பதெல்லாம் பிறகு. கேள்வி வந்தால் அது யார் மேசைக்குப் போகும், அவருக்கு முடிவெடுக்க அதிகாரம் உண்டா, முடித்தபின் கேட்டவருக்கு யார் சொல்வது? இதற்கு விடை இல்லாமல் பேஜ் தொடங்குவது, குறைகளை ஊரறியப் பதிவு செய்ய நாமே இடம் ஒதுக்கிக் கொடுப்பதற்குச் சமம்.

மும்பை மாநகராட்சியையே எடுத்துக்கொள்வோம். தாராவி ஜி நார்த் வார்டு. மாட்டுங்காவும் சயானும் எஃப் நார்த். குர்லா எல் வார்டு, செம்பூர் எம் வெஸ்ட், கோவண்டி எம் ஈஸ்ட். இந்த எழுத்துக் கணக்கு மாநகராட்சிக்காரர்களுக்கு மனப்பாடம். முப்பது வருடமாக இங்கேயே குடியிருக்கும் நம் தமிழர்களில் பலருக்கு, வரி ரசீதைப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு மேலே எல்லைக் குழப்பம் வேறு. ஒரு சாலை மாநகராட்சியுடையது, பக்கத்துச் சாலை பொதுப்பணித் துறையுடையது, அதற்கப்பால் ரயில்வே நிலம், அதற்கும் அப்பால் மாநில வீட்டுவசதி அமைப்பான மாடாவின் குடியிருப்பு. கிழக்கு, மேற்கு விரைவு நெடுஞ்சாலைகளே 2022 வரை பெருநகர வளர்ச்சி ஆணையமான எம்எம்ஆர்டிஏ கையில் இருந்துவிட்டுப் பிறகுதான் மாநகராட்சிக்கு வந்தன. பள்ளத்தில் சக்கரம் இறங்கியவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? "இது எங்கள் எல்லை இல்லை" என்ற பதில் சட்டப்படி சரி, ஆனால் கேட்டவர் கையில் ஒன்றும் இல்லை. உரிய துறையின் கணக்கைச் சேர்த்து எழுதி, ஒரு புகார் எண்ணையும் கொடுத்தால்தான் அவர் நாளைக்குத் திரும்ப வந்து கேட்க முடியும்.

வார்டுதோறும் தனிக் கணக்கு வைத்தது நல்ல முடிவு. 2022 ஜனவரியில் தானாகப் பதில் சொல்லும் வாட்ஸ்அப் சாட்பாட்டும் வந்தது. இன்னும் நிரப்ப வேண்டிய பள்ளம், சமூக ஊடகக் கணக்கைப் பார்த்துக்கொள்பவருக்கும் களத்தில் வேலை செய்யும் இளநிலைப் பொறியாளருக்கும் இடையே இருப்பது. முதலாமவர் பல இடங்களில் ஒப்பந்த ஊழியர், மூடியை மாற்றச் சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. இரண்டாமவருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் எக்ஸ் தளத்தைத் திறந்து பார்ப்பது அவர் வேலைப் பட்டியலில் இல்லை. புகார் வந்ததும் தானாக எண் விழுந்து, பொறியாளரின் கைபேசிக்குப் போய், வேலை முடிந்த படம் அதே இழையில் திரும்பி வருகிற மாதிரி செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு ஆணையும், அதை மாதாமாதம் கேட்டுப் பார்க்கும் மேலதிகாரியும் வேண்டும்.

மும்பை காவல்துறை 2015 டிசம்பரில் ட்விட்டருக்கு வந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே அதன் குறும்புக்குப் பெயர் கிடைத்தது. சினிமா வசனத்தைத் திருப்பிப் போட்டுக் குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்பார்கள், சிலேடையில் ஓடிபி மோசடியைப் பற்றி எச்சரிப்பார்கள். நாடெங்கும் பல துறைகள் அதைப் பார்த்து மீம் போட ஆரம்பித்தன. காப்பியடித்தது நகைச்சுவையை மட்டும். அதே கணக்கில், அதே நாளில், யாரோ ஒரு பெண் பின்தொடரப்படுகிறேன் என்று எழுதினால் "உங்கள் கணக்கை ஃபாலோ செய்திருக்கிறோம், தொடர்பு எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்" என்று பதில் போவதை அவர்கள் கவனிக்கவில்லை. அந்தப் பதில் இருக்கும் இடத்தில்தான் சிரிப்பு எடுபடும். தண்ணீர் வராத தெருவுக்கு நீர்வாரியம் மீம் அனுப்பினால் என்ன வசவு விழும் என்பது பெங்களூரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் தெரியும்.

போலீஸ் கமிஷனரின் கணக்கிலும் ஒரு பாடம் இருக்கிறது. அது பதவியின் பெயரில் இருக்கிறது. ஆள் மாறினால் கணக்கு அடுத்தவருக்குப் போகும். பல மாவட்டங்களில் இப்படி இல்லை. துடிப்பான அதிகாரி சொந்தப் பெயரில் ஆயிரக்கணக்கான பேரைச் சேர்ப்பார், மாற்றல் வந்ததும் கணக்கும் அவரோடு போய்விடும், அடுத்து வருபவர் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார். மத்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறை 2012-லேயே அரசு அமைப்புகளுக்கென்று சமூக ஊடக வழிகாட்டி வெளியிட்டது. எதற்காக இறங்குகிறோம், எந்தத் தளம், கணக்குக்கும் கடவுச்சொல்லுக்கும் யார் பொறுப்பு, எப்படிப் பேசுவது, சிறிதாகச் சோதித்துப் பார்ப்பது, பலனை அளப்பது, பிறகு நிரந்தரமாக்குவது என்று வரிசையாகச் சொல்கிறது. இணையத்தில் சொன்ன பதிலும் அலுவலகப் பதிவுதான், அதைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. அது வெளிவந்தபோது வாட்ஸ்அப் வணிகக் கணக்கு கிடையாது, ரீல்ஸ் கிடையாது. ஆனாலும் இன்று அரசுப் பக்கம் தொடங்கும் எவரும் அதை எடுத்துப் படிக்கலாம், பழசாகவில்லை.

விமர்சனத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பது தனிக் கதை. 2012 நவம்பரில் பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை ஸ்தம்பித்ததைப் பற்றி பால்கரில் ஓர் இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். லைக் போட்ட தோழியோடு சேர்த்துக் கைதானார். அந்த மாதிரிக் கைதுகளுக்கு வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. திட்டுவதற்கும் மிரட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வைத்து, எந்தக் கருத்து நீக்கப்படும் என்பதைப் பக்கத்திலேயே போட்டுவிடுவது அலுவலகத்துக்கும் நல்லது. கேள்வி கேட்பவர்களையெல்லாம் பிளாக் செய்துவிட்டு "மக்கள் தொடர்பு" என்று பெயர் வைப்பது வேடிக்கை.

மழைக்காலம் வந்தால் இதெல்லாம் சோதனைக்கு வரும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அதே நாள் கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். ஒரே ஊர், ஒரே நாள். "மும்பையில் கனமழை" என்று பொதுவாகப் போடும் பதிவால் யாருக்கும் பயனில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? சயானில் தண்டவாளம் மூழ்கிவிட்டதா, கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவா இடுப்பளவா, ஹார்பர் லைன் ரயில் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. மாநகராட்சி இப்போது கடல் ஏற்ற நேரத்தையும் உயரத்தையும் முன்கூட்டியே போடுகிறது. பேரிடர் எண் 1916-ஐயும் விடாமல் சேர்க்கிறது. உருப்படியான வேலை.

ஆனால் மராத்தியும் ஆங்கிலமும் எட்டாத வீடுகள் உண்டு. தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் பாட்டிமார் எழுத்தைவிடக் குரலை நம்புவார்கள். ஊர்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் வரும் தமிழ் வாய்ஸ் நோட் போகும் தூரம், அரசுப் பதிவு போகாது. வதந்தியும் அதே வழியில்தான் வருகிறது. 2018 ஜூலையில் துலே மாவட்டத்தில் குழந்தை கடத்துகிறவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் ஐந்து பேர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் ஒரு செய்தியை ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரல் 14 அன்று ஊரடங்கு நீட்டிக்கப்பட்ட நாளில், ஊருக்கு ரயில் விடுவார்கள் என்ற நம்பிக்கையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பாந்த்ரா ஸ்டேஷன் அருகே கூடினார்கள். அன்றைக்கு மறுப்பு வெளியிடுவதால் பெரிய பலன் இல்லை. சாதாரண நாட்களில் சுகாதாரப் பணியாளர் அந்தந்த மொழியில் அனுப்பும் குரல் பழகியிருந்தால்தான் நெருக்கடி நாளில் அதை நம்புவார்கள்.

இனி கடைப் பக்கம் வருவோம்.

தாராவியை ஒட்டிய சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையில் தோல் பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் நம்மவர் ஒருவருடைய கடை. பையன் படித்தவன், கேமரா நன்றாகப் பிடிப்பான். தோலை வெட்டுவது, ஓரத்துக்குச் சாயம் பூசுவது, தையல் இயந்திரம் ஓடுவது என்று ரீல்ஸ் போட்டான். பார்வைகள் குவிந்தன. கீழே முப்பது பேர் "விலை?" என்று கேட்டிருந்தார்கள். எல்லாருக்கும் "டிஎம் பண்ணுங்க" என்று ஒரே பதில். விலையைச் சொன்னால் பக்கத்துக் கடைக்காரன் பார்த்துவிடுவான் என்று அப்பாவுக்குப் பயம். பக்கத்துக் கடைக்காரனுக்கு விலை எப்படியும் தெரியும், சரக்கு வாங்குவது ஒரே ஆளிடம்.

அந்தக் கடைக்கு வியாபாரம் தந்தது ரீல்ஸ் இல்லை. வாட்ஸ்அப் பிசினஸில் கேட்லாக் போட்டு, ஒவ்வொரு பைக்கும் விலை, எத்தனை அங்குல லேப்டாப் உள்ளே போகும், தோலா ரெக்சினா என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்கள். மொத்தமாகக் கேட்பவர்களுக்கு ஆயத்தப் பதில் ஒன்று வைத்தார்கள்: குறைந்தது எத்தனை பை, கம்பெனி லோகோ அச்சிட என்ன கூலி, எத்தனை நாள், ஜிஎஸ்டி பில் உண்டு. தீபாவளிக்கு முன்னால் அலுவலகங்களின் மனிதவளப் பிரிவினர் கேட்பது இந்த நான்கைத்தான். முதலில் பதில் சொல்லும் கடைக்குத்தான் ஆர்டர்.

அடுத்தது கூகுள் மேப்ஸ். அதில் கடை விவரத்தைக் காட்டும் பிசினஸ் புரொஃபைல் தொடங்கக் காசில்லை. ஆனால் தாராவியில் வரைபடத்தில் கடையைக் காட்டும் புள்ளி ஒரு சந்து தள்ளி விழுந்தால் ஆள் தொலைந்தார், திரும்பிப் போய்விடுவார். மெயின் ரோட்டிலிருந்து சந்துக்குள் திரும்பும் இடம், கடைப் பலகை, உள்ளே என்று மூன்று படம் போதும். திறக்கும் நேரம் சரியாக இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை மதியம் மூடுவதாக இருந்தால் அதையும் போட வேண்டும். பூட்டிய கடையைப் பார்த்துத் திரும்பியவர்தான் ஒற்றை நட்சத்திரம் போடுவார்.

விளம்பரத்துக்குக் காசு போடும்போது மும்பையின் வரைபடத்தை நினைவில் வைக்க வேண்டும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் கடையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போடலாம். தாராவித் தோல் கடைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் வட்டம் போட்டால் மித்தி ஆற்றைத் தாண்டி பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ் உள்ளே வந்துவிடும். வங்கிகளும் பெரிய கம்பெனிகளும் அங்கேதான். அந்தக் கடைக்குக் கனவு வட்டம். மாட்டுங்காவில் பூஜைச் சாமான், அப்பளம், காபித்தூள் விற்கிறவர் அதே வட்டத்தைப் போட்டால் காசு வீண். அவருடைய வாடிக்கையாளர் ஒரு தலைமுறைக்கு முன் மாட்டுங்காவில் இருந்தார். இப்போது முலுண்ட், டோம்பிவிலி, நெருல் என்று தூரத்தில் இருக்கிறார். ஆவணி அவிட்டத்துக்கும் நவராத்திரிக்கும் மட்டும் மாட்டுங்கா வருகிறார். அவரை அவர் இருக்கும் இடத்தில், பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் பிடிக்க வேண்டும், வீட்டுக்கு அனுப்பும் வசதியோடு. பதிவைக் காசு கொடுத்துப் பரப்பும் 'பூஸ்ட்' பட்டனை அமுக்கினால் இதெல்லாம் நடக்காது. அது பெரும்பாலும் லைக் வாங்கித் தரும். ஃபேஸ்புக்கின் 'ஆட்ஸ் மேனேஜர்' பக்கத்துக்குப் போய், செய்தி அனுப்ப வைப்பதுதான் நோக்கம் என்று தேர்ந்தெடுத்தால் கேள்வியாவது வரும். வந்த கேள்வி எத்தனை, அதில் பில் போட்டது எத்தனை என்று கல்லாப்பெட்டிப் பக்கத்தில் ஒரு நோட்டு இருந்தால் மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கலாம். ஃபாலோயர் எண்ணிக்கையை வைத்து வாடகை கட்ட முடியாது.

வாட்ஸ்அப்பில் ஒன்று. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்கலாம், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கே செய்தி போய்ச் சேரும். பலர் இதைக் குறை என்கிறார்கள். எனக்கு நல்ல ஏற்பாடாகத்தான் படுகிறது. எண்ணைச் சேமித்தவர் உங்களை வேண்டும் என்று வைத்திருப்பவர். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் பெரிய நிறுவனங்களுக்கான கட்டண வழி இருக்கிறது. வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் எதையும் எழுதலாம், பிறகு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வாசகத்தைத்தான் அனுப்ப முடியும். எங்கிருந்தோ நம்பர் பட்டியலை விலைக்கு வாங்கி எல்லாருக்கும் அனுப்புவது பழைய வித்தை. புகார் கூடினால் எண்ணே முடங்கிவிடும். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். பெட்டிக்கடைக்கு அந்தத் தொகை விழாது, ஆனால் சம்மதம் இல்லாமல் நம்பரை வைத்துக்கொள்வது சட்டத்துக்குப் புறம்பு என்று எழுதியாகிவிட்டது.

ரிவ்யூ, இன்ஃப்ளூயன்சர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காசோ இலவசச் சாப்பாடோ வாங்கிக்கொண்டு ஒரு ஹோட்டலைப் புகழ்ந்தால் அது விளம்பரம் என்று வெளிப்படையாகப் போட வேண்டும் என்பது 2023 ஜனவரியில் நுகர்வோர் துறை தெளிவாகச் சொன்ன விதி. தவறினால் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் வரை அபராதம் போடலாம், திரும்பத் திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. காசு கொடுத்து ஐந்து நட்சத்திரம் வாங்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "பெஸ்ட் இட்லி இன் தி வேர்ல்ட்" என்று ஒரே நாளில் இருபது பேர் எழுதினால் சட்னி வைக்கிற பையனுக்கே சந்தேகம் வரும்.

தளத்தை மட்டும் நம்பி உட்கார்ந்தவர்களின் கதி 2020 ஜூன் 29 அன்று தெரிந்தது. டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு அரசு தடை போட்டது, அதில் வளர்ந்த கணக்குகளெல்லாம் ஒரே இரவில் போயின. ட்விட்டர் 2022-ல் கைமாறியபின், உண்மையான கணக்கு என்று காட்டிய நீல டிக் சந்தாவாகிவிட்டது, அரசுக் கணக்குகள் சாம்பல் டிக்குக்கு மாறின, 2023-ல் பெயரும் எக்ஸ் ஆனது. அதனால் அரசு அலுவலகம் முக்கிய அறிவிப்பை முதலில் தன் இணையதளத்தில் போட்டு, பிறகு மற்ற இடங்களுக்குக் கொண்டுபோவதே முறை. கடைக்கு அந்த இடத்தில் இருப்பது வாடிக்கையாளர் சம்மதத்தோடு தந்த தொலைபேசி எண்கள்.

தாராவிக்காரர்களுக்கு இதில் இன்னோர் அவசரமும் இருக்கிறது. மறுசீரமைப்பு ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது, 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. யாருக்கு எங்கே இடம், எத்தனை நாள் எங்கே போய் இருப்பது என்பதில் சண்டையும் சந்தேகமும் நிறைய. எப்படி முடிந்தாலும், தொண்ணூறு அடி ரோட்டில் இத்தனை வருடமாக வழியோடு போகிறவரைப் பார்த்து வியாபாரம் செய்த கடை கொஞ்ச காலமாவது இடம் மாற நேரிடலாம். அன்றைக்குக் கூடவே வரக்கூடியது கைபேசி எண்ணும் கூகுள் புரொஃபைலும். முகவரியைத் திருத்தினால் பழைய ரிவ்யூக்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

திருத்த முடிந்தால்தானே. பல கடைகளில் புரொஃபைலைத் தொடங்கியவர் மாதச் சம்பளத்துக்கு வந்த ஏஜென்சிப் பையன், அல்லது கல்லூரி படிக்கும்போது உதவிய அக்கா மகன். மின்னஞ்சல் அவருடையது, மீட்பு எண் அவருடையது. ஏஜென்சி வைக்கிறவர்கள் ஒப்பந்தத்தில் முதல் வரியாகவே எழுதிக்கொள்ளட்டும்: கணக்கின் உரிமையாளர் முதலாளி, ஏஜென்சிக்கு மேலாளர் அனுமதி மட்டும், விளம்பரக் காசு முதலாளியின் கார்டிலிருந்து நேராக. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கூகுளிடம் உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். பழைய உரிமையாளருக்குச் செய்தி போகும், சில நாட்களுக்குள் அவர் பதில் சொல்லாவிட்டால் கடை உங்களுடையதுதான் என்று நிரூபித்துக் கணக்கைக் கைக்குக் கொண்டுவரலாம். பலகையோடு கடையையும் ஜிஎஸ்டி சான்றிதழையும் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் அலைச்சல் குறையும்.